சக்குலென்ட் வாடுகிறதா? தண்ணீர் ஊற்றும் முன் இதைப் பாருங்கள்

ஊட்டியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஆறு செடிகளில் ஐந்து அந்த வருடக் கார்த்திகையைத் தாண்டவில்லை. எல்லாமே எச்சிவேரியா, தாமரை மொட்டு போல இலைகளை அடுக்கி வைத்திருக்குமே, அந்த வகை. முதல் செடியின் இலை சுருங்கியது, தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவது மஞ்சளடித்தது, அதற்கும் ஊற்றினேன். மூன்றாவதுக்குச் சத்துக் குறைவோ என்று உரம் போட்டு, உரம் கரைய வேண்டுமே என்று மறுபடியும் ஊற்றினேன். மிஞ்சிய ஒன்று, நான் மறந்துபோய் சன்ஷேடுக்கு அடியில் விட்டுவைத்தது.

சக்குலென்டில், அதாவது இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடிகளில், குழப்பமே இதுதான். தாகமும் அழுகலும் வெளியே ஒரே மாதிரி முகத்தைக் காட்டும். வேர் காய்ந்தாலும் இலை சுருங்கும், வேர் அழுகினாலும் இலை சுருங்கும். இரண்டிலும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. மருந்துதான் நேர் எதிர்.

இன்னொரு குழப்பம், நாம் படிக்கும் குறிப்புகளில் முக்கால்வாசி குளிர்தேசத்து ஜன்னல் ஓரத்துக்காக எழுதப்பட்டவை. "குளிர்காலத்தில் தண்ணீரைக் குறை, கோடையில் தாராளமாக ஊற்று" என்பார்கள். அங்கே அது சரி. சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் எச்சிவேரியாவுக்குத் தூங்கும் காலம் மே மாதம், அழுகும் காலம் ஐப்பசியும் கார்த்திகையும், தழைக்கும் காலம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை. நான் எழுதுவது இந்தக் கடலோரத்துக் கணக்கு. கோவைக்காரர்கள் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று காரியம் செய்யுங்கள். தொட்டியைக் கையில் தூக்கிக் கனம் பாருங்கள். காய்ந்த தொட்டி எவ்வளவு கனம் என்பது ஒரு மாதத்தில் கைக்கே தெரிந்துவிடும். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, மண்ணில் அடிவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் மண் ஒட்டியிருந்தாலோ தொட்டால் சில்லென்று இருந்தாலோ அடியில் ஈரம் இருக்கிறது. மேல் மண் காய்ந்து வெளுத்திருப்பதை நம்பவே நம்பாதீர்கள். கடைசியாக, அடியிலுள்ள ஓர் இலையையும் நடுவிலுள்ள ஓர் இலையையும் லேசாக அழுத்திப் பாருங்கள். இந்த மூன்றின் பதிலையும் வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

இலை சுருங்கி, தொய்ந்துவிட்டது

தொட்டி லேசாக இருக்கிறது, குச்சி சுத்தமாக வருகிறது, இலை வளைந்தாலும் கிழியவில்லை என்றால் அது தாகம். இதைவிடச் சந்தோஷமான நோய் கிடையாது. மேலே இருந்து ஒரு டம்ளர் ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் கோகோபீட்டில்தான் வருகின்றன. தேங்காய் நார்த்தூள் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியதெல்லாம் தொட்டியின் ஓரமாக வழிந்து அடி ஓட்டையில் வந்துவிடும், நடுவில் வேர்ப்பகுதி காய்ந்தபடியே இருக்கும். ஒரு பேசினில் பாதித் தொட்டி உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, அதில் தொட்டியை அரைமணி நேரம் உட்கார வையுங்கள். பிறகு எடுத்து நன்றாக வடியவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் இலை புடைத்துக்கொள்ள வேண்டும்.

புடைக்கவில்லையா? அப்படியானால் உறிஞ்ச வேர் இல்லை. மறுபடி ஊற்றாதீர்கள். செடியைத் தண்டோடு பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். தளதளவென்று ஆடினாலோ கையோடு வந்துவிட்டாலோ அடுத்த பகுதிக்குப் போங்கள்.

தொட்டி கனமாக இருந்து, குச்சியும் ஈரமாக வந்து, இலை மட்டும் சுருங்கியிருந்தாலும் அதே அடுத்த பகுதிதான். நான் தோற்ற இடம் இது. ஈர மண்ணில் நிற்கும் செடி தாகமாகத் தெரிந்தால், அது தண்ணீர் கேட்கவில்லை.

அடி இலைகள் மஞ்சளாகி, கண்ணாடி போலத் தெரிகின்றன, தொட்டால் உதிர்கின்றன

வேர் அழுகல். இலையின் செல்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து வெடித்திருக்கும், அதனால்தான் அந்தக் கண்ணாடித் தன்மை. இன்று ஒன்றிரண்டு இலை என்றால் இன்றே காப்பாற்றலாம். தண்டின் அடி கறுத்து மேலேறிக்கொண்டிருந்தால், மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை.

செடியைப் பிடுங்குங்கள். மண்ணை உதறுங்கள், பிடிவாதமாக ஒட்டியிருப்பதைத் தண்ணீரில் கழுவுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, இழுத்தால் தாங்கும். அழுகிய வேர் கறுத்து, இரண்டு விரலில் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் கழன்று கையோடு வரும், வாடையும் அடிக்கும். கெட்டதை எல்லாம் வெட்டி எறியுங்கள். வேர் மொத்தமும் போய்த் தண்டும் கறுத்திருந்தால், தலையை வெட்டி எடுப்பதுதான் வழி.

பிளேடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு, கறுப்புக்கு மேலே ஒரு விரற்கடை விட்டு வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பாக ஒரு புள்ளியோ வளையமோ தெரிந்தால் அழுகல் அங்கேயும் ஏறியிருக்கிறது. பிளேடை மறுபடி துடைத்து, இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுக்கப் பச்சையாகவோ வெள்ளையாகவோ வரும்வரை நிறுத்தாதீர்கள். "பாவம், இவ்வளவு போதும்" என்று புள்ளியோடு விட்ட செடி எதுவும் எனக்குப் பிழைத்ததில்லை.

வெட்டிய தலையை நிழலில், காற்றோட்டமான இடத்தில், மண்ணில்லாமல் காயவிடுங்கள். வெயில்காலத்தில் மூன்று நான்கு நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம்கூட ஆகும். வெட்டுமுகம் காய்ந்து தோல் கட்ட வேண்டும். சிலர் மஞ்சள்தூள் வைப்பார்கள். வைக்கலாம், ஆனால் காயவைப்பதற்குப் பதிலாக அது ஆகாது. தோல் கட்டியதும் காய்ந்த மண்கலவையின் மேல் உட்கார வையுங்கள். முதல் வாரம் தண்ணீர் கிடையாது. அப்புறம் ஓரமாகக் கொஞ்சம். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வேர் விடும். லேசாக இழுத்தால் எதிர்த்துப் பிடிக்கும், அதுதான் அடையாளம். தினமும் இழுத்துப் பார்க்காதீர்கள்.

மண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழுகிய செடியைப் பழைய கோகோபீட்டிலேயே திரும்ப நடுவது வீண்வேலை. நான் போடுவது: பயறு அளவுக்கு உடைத்துச் சலித்த செங்கல் துண்டு இரண்டு பங்கு, கரடுமணல் ஒரு பங்கு, மட்கிய உரமும் செம்மண்ணும் சேர்ந்து ஒரு பங்கு. ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும், ஆனால் அதிலுள்ள மாவு போன்ற தூளைச் சலித்து, கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். இல்லையென்றால் அந்தத் தூள் சிமென்ட் மாதிரி அடியில் இறுகும். செம்மண்ணை மட்டும் போட்டாலும் அதே கதை. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. கலவை சரியா என்று தெரிய ஒரு சோதனை உண்டு: ஒரு டம்ளர் ஊற்றினால் மேலே குளம் கட்டாமல், நீங்கள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அடியில் ஒழுக ஆரம்பிக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். வடியாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துக் கூழாங்கல்மேல் வைத்துப் பாருங்கள். ஸ்பாஞ்சின் அடிப்பாகம் ஈரமாகவேதான் இருக்கும். பொடி மண்ணிலிருந்து பெரிய கல்லின் இடைவெளிக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மண் முழுக்க ஊறியபின்தான் சொட்டும். கல் போட்டதில் நடந்தது, ஈரம் நிற்கும் இடம் வேருக்கு இன்னும் கிட்டே வந்ததுதான். ஓட்டையில் மண் போகாமலிருக்க ஒரு கொசுவலைத் துண்டு போதும். ஓட்டையே இல்லாத அழகான பீங்கான் கிண்ணத்தில் நட்டுக் கொடுக்கிறார்களே, அது பரிசுப்பொருள். செடி வளர்க்கும் தொட்டி அல்ல.

நேற்றுவரை நன்றாக இருந்தது, ஒரே இரவில் எல்லா இலையும் கொட்டிவிட்டது

புயல் மழைக்கு மறுநாள் காலையில் வரும் புகார் இது. ஜேட், செடம் வகைகளில் அதிகம். நனைந்தது மட்டும் காரணமில்லை. நனைந்தபின் காயவே இல்லை, அதுதான் காரணம். வடகிழக்குப் பருவமழையில் காற்றே ஈரமாக இருக்கும், தொட்டி ஒரு வாரமானாலும் காயாது. ஐப்பசி பிறந்ததும் சதைப்பற்றுள்ளதையெல்லாம் கூரைக்கடியில் மாற்றிவிடுங்கள். உதிர்ந்த இலைகளில் கெட்டியானவற்றைப் பொறுக்கி வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும். நனைந்த செடிக்கு மேசை விசிறியை ஒரு நாள் முழுக்கப் போட்டுவிடுவேன். வீட்டில் சிரிப்பார்கள். செடி பிழைக்கும்.

கழுத்து நீண்டு, இலைகள் தள்ளித்தள்ளி வருகின்றன

வெளிச்சம் போதவில்லை. மேசைமேல், டிவி பக்கத்தில், குளியலறை அலமாரியில் வைத்த செடி, வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டும். நீண்டது திரும்பக் குட்டையாகாது. வெளிச்சத்துக்கு மாற்றினால் இனி வரும் இலைகள்தான் நெருக்கமாக வரும். உருவம் பிடிக்கவில்லை என்றால், மேலே சொன்னபடி தலையை வெட்டித் தனியாக நடுங்கள். அடித்தண்டை எறியாதீர்கள், கணுக்களிலிருந்து மூன்று நான்கு குட்டி முளைக்கும்.

வீட்டுக்குள் வைத்தே தீர வேண்டும் என்றால் செடியை மாற்றுங்கள், ஆசையை அல்ல. தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில் வளரும் ஹாவோர்த்தியா ஜன்னல் ஓர வெளிச்சத்தில் சமாளிக்கும். ஸ்நேக் பிளான்டும் அப்படியே. எச்சிவேரியாவை ஹாலில் வைப்பது அதற்கு நாம் செய்யும் துரோகம்.

இலையில் காய்ந்த பழுப்புத் தழும்பு

வெயில் பார்த்த பக்கத்தில் மட்டும், காய்ந்து, கெட்டியாக இருந்தால் வெயில் காயம். நர்சரியில் நிழல்வலைக்கடியில் வளர்ந்ததை வாங்கிவந்த அன்றே மொட்டை மாடியில் வைத்தால் இப்படித்தான் ஆகும். தழும்பு மறையாது, அந்த இலை தானாக உதிரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் வாரம் காலை எட்டு மணிவரை வெயில், அடுத்த வாரம் பத்து மணிவரை என்று பழக்குங்கள். அக்கினி நட்சத்திரம் முடியும்வரை கற்றாழைகூட மதிய நிழலுக்கு நன்றி சொல்லும். சோற்றுக்கற்றாழை வெயிலில் செம்பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், அது தற்காப்பு நிறம். நிழலில் வைத்தால் பச்சை திரும்பும்.

மேற்குச் சுவரைக் கவனியுங்கள். பகல் முழுக்கச் சூடேறி, இரவு பத்து மணிவரை அந்தச் சூட்டைச் செடிமேல் விட்டுக்கொண்டிருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் இருந்தால் வேர் வெந்துவிடும். இலையில் ஒரு தழும்புகூட இருக்காது, செடி மட்டும் சோர்ந்து போகும்.

தழும்பு ஈரமாக, நடுவில் குழிந்து, நாளுக்கு நாள் பெரிதானால் அது வெயில் அல்ல, பூஞ்சை. அந்த இலையை எடுத்துவிட்டு, செடிகளுக்கு இடையே காற்றுப் போக இடம் விடுங்கள். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு

மாவுப்பூச்சி. இலையும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சுத் துணுக்கு போல உட்கார்ந்து சாறு உறிஞ்சும். எறும்பு வந்தால் அதைத் திட்டாதீர்கள், அது சொல்லிவிட்டுப் போகும் சாட்சி. பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடி விட்டுச் செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். தொட்டி மேசையில் எறும்பு வரிசை தெரிந்தால், எங்கே போகிறது என்று தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இந்தப் பூச்சிக்கு உறவுக்காரப் பூச்சி ஒன்று என்ன செய்தது தெரியுமா? ஒரு காலத்தில் தமிழ்நாட்டு நிலங்களை அடைத்துக்கொண்டு பரவிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க, 1926இல் இலங்கையிலிருந்து ஒரு காச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். இதே மாதிரி வெள்ளைப் பஞ்சு போர்த்திய பூச்சிதான். முள்ளால் வேலி கட்டிய அந்தக் கள்ளி அதற்கு முன்னால் நிற்க முடியவில்லை. உங்கள் தொட்டியிலிருக்கும் எச்சிவேரியா எம்மாத்திரம்.

சிகிச்சை: செடியை உடனே மற்றவற்றிடமிருந்து தள்ளி வையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள். பஞ்சு கரைந்து, உள்ளே இருக்கும் பூச்சி நிறம் மாறிச் சாகும். மாலையில் செய்யுங்கள், மறுநாள் வெயிலில் வைக்காதீர்கள். ஒரு தடவையோடு முடியாது. முட்டைகள் பொரித்துக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை, குறைந்தது மூன்று வாரம். நான் இரண்டோடு நிறுத்திய ஒவ்வொரு தடவையும் அது திரும்ப வந்தது.

வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலப்பதற்குச் சில துளி சோப்புத் திரவம். இதையும் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். எச்சிவேரியாவின் மேலே சாம்பல் பூத்தாற்போல ஒரு மெழுகுப் பொடி இருக்கும், வெயிலிலிருந்து காக்கும் கவசம் அது. எண்ணெய் பட்டால் அது போய்விடும், அந்த இலையில் திரும்ப வராது. விரலால் தடவினாலும் போகும். ஆகவே எச்சிவேரியாவுக்குப் பஞ்சுக்குச்சி, கலாஞ்சோவுக்கும் ஜேடுக்கும் வேப்பெண்ணெய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மேலே பூச்சியே இல்லை, செடி மட்டும் காரணமில்லாமல் நலிகிறது என்றால், தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். தொட்டியின் உட்சுவரிலும் வேரிலும் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை எறியுங்கள், செடித் தொட்டிகள் இருக்கும் பக்கம் கொட்டாதீர்கள். வேரைக் கழுவி, கெட்டதை வெட்டி, நாலு நாள் காயவைத்து, புது மண்ணில் நடுங்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் புதுச்செடியை இரண்டு வாரம் தனியாக வைக்கும் பழக்கம் எனக்கு இதற்கப்புறம்தான் வந்தது.

மண்மேலும் தொட்டியிலும் வெள்ளைப் பொருக்கு

இது பூச்சி இல்லை, உங்கள் போர் தண்ணீர். தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த உப்பு தங்கிவிடும். மண்தொட்டியின் வெளிப்பக்கம் படிந்தால் கவலையில்லை, சுரண்டிவிடலாம். மண்ணிலேயே சேரும்போது இலை நுனி காயும், புதுக்குருத்து வெளிறும். மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி மாற்றுங்கள். நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றி ஒருமுறை உப்பை அலசி வெளியேற்றுங்கள். இதைக் காற்றடிக்கும் காய்ந்த நாளில் செய்யுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் செய்கிறவர்கள் உண்டு. தென்னைக்குச் செய்யலாம்; சின்னத் தொட்டிச் சக்குலென்டுக்கு வேண்டாம். நீங்கள் குடிக்காமல் விட்ட உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைவிட ஏ.சி. சொட்டும் தண்ணீர் எவ்வளவோ மேல், உப்பே கிடையாது. பிடித்துவைத்த மழைத்தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை.

அடீனியத்தின் கிழங்கு மெத்தென்று இருக்கிறது

அடீனியத்தின் பருத்த அடித்தண்டைத்தான் கிழங்கு என்கிறேன். முதலில் எப்படி மெத்தென்று இருக்கிறது என்று பாருங்கள். கிழங்கு முழுவதும் சீராக, காற்றுக் குறைந்த பந்து போல இருந்தால் தாகம். தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரத்தில் இறுகும். ஒரே இடத்தில் மட்டும் விரல் உள்ளே போனால் அழுகல். பழுத்த பழத்தில் கெட்டதைத் தோண்டுவது போல, கத்தியால் கெட்டியான வெள்ளைச் சதை வரும்வரை தோண்டி எடுங்கள். குழியில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடியைக் குழைத்துத் தடவி, செடியை மண்ணில்லாமல் நிழலில் படுக்கவையுங்கள். பத்து நாள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பெரிய குழியோடு பிழைத்து, அதற்கப்புறம் வருடா வருடம் பூக்கும் அடீனியம் என்னிடம் ஒன்று இருக்கிறது. குழியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் இதன் சாற்றை அம்பு முனையில் விஷமாகத் தடவியிருக்கிறார்கள். திருகுகள்ளி, சதுரக்கள்ளி இவற்றின் பாலும் ஆபத்தானதுதான். பால் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வேலை இல்லை.

மார்கழிப் பனியில் அடீனியம் இலை கொட்டுவது இயல்பு. அப்போது இலை இல்லையே என்று ஊற்றுவதுதான் கிழங்கு அழுகுவதற்கு முதல் காரணம்.

சிவப்பு உருண்டை வைத்த கள்ளி மேலே மட்டும் காய்கிறது

அது இரண்டு செடி. கீழே பச்சையாக இருப்பது டிராகன் பழக் குடும்பத்துக் கள்ளி, மேலே இருக்கும் சிவப்போ மஞ்சளோ ஒட்டுப் போட்டது. மேல் உருண்டையில் பச்சையமே கிடையாது. தனியாக உணவு தயாரிக்கத் தெரியாது. 1940களில் ஜப்பானில் ஒட்டுக்கட்டிப் பிழைக்கவைத்த வகை. இரண்டும் ஒரே வேகத்தில் வளராததால் சில வருடத்தில் ஒட்டு விட்டுப்போகும். உங்கள் தவறு என்று வருந்தாதீர்கள். உருண்டை போனபின் கீழுள்ள பச்சைக்கள்ளி தழைத்து வளரும். அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடி இலை மட்டும் காய்ந்து காகிதம் போல ஆகிறது

நோயே இல்லை. பழைய இலையின் சாற்றை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கிறது. காய்ந்ததைப் பிய்த்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கடியில் மாவுப்பூச்சி குடியேறும்.

ஒரு குறையும் இல்லை, ஆனால் வளரவே இல்லை

எந்த மாதம்? ஏப்ரல் முதல் ஜூன் என்றால் விட்டுவிடுங்கள். இந்தச் செடிகளில் பல, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துவைத்து, மறுநாள் வெயிலில் சமைத்துக்கொள்கின்றன. தண்ணீரை மிச்சப்படுத்தும் தந்திரம் அது. அதற்கு இரவு குளிர வேண்டும். எச்சிவேரியாவின் சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பகுதி. பகல் என்னதான் சுட்டாலும் இரவு சில்லென்று இருக்கும். சென்னையில் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத மே மாத இரவில் அது கடையைத் திறக்காமலே படுத்துவிடுகிறது. அப்போது ஊற்றிய தண்ணீரை அது குடிக்காது, மண்ணிலேயே வெதுவெதுப்பாக நின்று வேரை அழுக வைக்கும். உரம் போட்டால் இன்னும் மோசம். அந்த மூன்று மாதம் நிழல், காற்று, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பொழுது சாய்ந்தபின் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். உரம் தை மாதத்தில், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி.

இந்தக் காத்திருப்பு ஒத்துவராதவர்களுக்கு நம் வெயிலை விரும்புகிற செடிகள் நிறைய இருக்கின்றன. அடீனியம், கலாஞ்சோ, பத்துமணிப்பூ எல்லாம் மே மாதத்திலும் முகம் சுளிக்காது. பிரண்டையும் மருளும் இந்த மண்ணிலேயே பிறந்த சதைப்பற்றுச் செடிகள்தான். கள்ளிமுளையானைத் தொட்டியில் வைத்துப் பாருங்கள், தரிசில் பாறையோரம் வளர்வது, உங்கள் வெயிலைப் பார்த்துச் சிரிக்கும். விலை கொடுத்து வாங்கிய மெக்சிகோ மொட்டுக்குப் பக்கத்தில் பிரண்டையை வைக்க ஏனோ நமக்குக் கூச்சம்.

இலையை வைத்தேன், முளைக்கவில்லை

இலையைப் பாதியில் பிய்த்திருப்பீர்கள். தண்டோடு ஒட்டியிருக்கும் அடிநுனி முழுசாக வர வேண்டும், அங்கேதான் குருத்து வரும். இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக் கழற்றுங்கள். மூன்று நாள் காயவைத்து, மண்மேல் சும்மா படுக்கவையுங்கள், புதைக்க வேண்டாம். வேர் தெரிந்தபின் லேசாகத் தெளிக்கலாம். மே மாதத்தில் பத்துக்கு ஒன்று தேறினால் பெரிது, தை மாதத்தில் பாதிக்கு மேல் எனக்குத் தேறியிருக்கிறது.

சில செடி இலையில் வராது. சோற்றுக்கற்றாழை மடலை நட்டால் அழுகும், பக்கக்கன்றுதான் வழி. மஞ்சள் விளிம்பு போட்ட ஸ்நேக் பிளான்டின் இலைத்துண்டு மாதக்கணக்கில் காக்கவைத்து முளைக்கும், ஆனால் கன்றில் அந்த மஞ்சள் விளிம்பு இருக்காது. விளிம்பு வேண்டுமானால் கிழங்கைப் பிரித்து நட வேண்டும். ரணகள்ளியில் நேர்மாறு: எங்கே போட்டாலும் இலை விளிம்பெல்லாம் குட்டி போடும், நிறுத்துவதுதான் பாடு.

பூத்தது, பூத்தபின் சாகிறது

ரயில் பாதையோரத்தில் ஆனைக்கற்றாழை, அகேவ் என்கிறார்களே அந்த வகை, கம்பம் போலப் பூங்காம்பு விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மடல்வட்டம் ஒருமுறைதான் பூக்கும், பூத்தால் முடிந்தது. தொட்டியில் வைக்கும் குட்டை அகேவ் வகைகளில் பெரும்பாலானவையும் அப்படியே, செம்பர்விவமும் அப்படியே. பூங்காம்பை வெட்டினாலும் தாய்ச்செடி நிற்காது, பூவை ரசித்துவிடுங்கள். அதற்குள் அடியைச் சுற்றிக் கன்று இருக்கிறதா என்று பாருங்கள். தாய்ச்செடியில் கால்வாசி அளவாவது வளர்ந்த கன்றை, சொந்த வேர் இருந்தால், பிரித்து நடலாம். அகேவ் சாறு பட்டால் தோல் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள்.